பழைய இத்தாலிய நவீனக் கூரைவிளக்கு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1970-களின் நடுப்பகுதி வரையிலான முப்பது ஆண்டுகளில் இத்தாலியில், குறிப்பாக மிலான் நகரிலும் அதைச் சுற்றியும், செய்யப்பட்ட கூரைவிளக்குகளைப் பற்றியது இக்கட்டுரை. பித்தளைக் குழாய், வண்ணம் பூசிய அலுமினியம், பால்வெள்ளைக் கண்ணாடி, அக்ரிலிக் போன்ற எளிய பொருள்களை எடுத்துக்கொண்டு, பல்பும் வயரும் தாங்கும் தண்டும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதையே அழகாக்கிக் காட்டிய விளக்குகள் அவை. முதன்முறையாக ஒன்றை வாங்குபவர் பெரும்பாலும் படத்தைப் பார்த்து மயங்கி, பெயரைப் பார்த்துப் பணம் கட்டி, பெட்டியைத் திறந்த பிறகுதான் விளக்கைப் பார்க்கிறார். அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதற்கே இந்த வழிகாட்டி.

நான் வாங்கிய முதல் விளக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. புகழ்பெற்ற மிலான் பட்டறை ஒன்றின் பெயரில், 1950-களில் செய்தது என்ற விவரத்தோடு, நான்கு கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட பித்தளை விளக்கொன்றை வாங்கினேன். மேலே கூரையை ஒட்டி நிற்கும் கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்த திருகாணிகள் நான்கும் நட்சத்திரத் தலை கொண்டவை. வயர் புத்தம் புதியது. ஒரு குமிழின் வாய் மற்ற மூன்றைவிட மூன்று மில்லிமீட்டர் அகலமாக இருந்ததால் அது கழுத்தில் உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. விற்றவர் பொய் சொன்னாரா, அவரும் ஏமாந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால், அந்தக் கிண்ணத்துக்குள் எடுத்த ஒரே ஒரு படத்தை முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த விளக்கை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

முதற்படி: அறையை அளந்துகொள்ளுதல்

தேடத் தொடங்கும் முன் மூன்று அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து கூரை வரையிலான உயரம், விளக்குக்கு நேர்கீழே வரப்போகும் மேசையின் நீள அகலம், கூரையில் உள்ள கொக்கி தாங்கக்கூடிய எடை. விளக்கின் அடிப்பகுதிக்கும் மேசைப் பரப்புக்கும் இடையே 75 முதல் 90 செ.மீ. இருந்தால், எதிரே அமர்ந்திருப்பவரின் முகமும் மறையாது, பல்பும் கண்ணைக் கூசச் செய்யாது. ஆட்கள் நடமாடும் இடமென்றால் விளக்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 210 செ.மீ.க்குக் கீழே வரக் கூடாது. இந்தக் காலத்து விளக்குகளில் ஒரு மீட்டர் நீளத் தண்டு சாதாரணமாகக் காணப்படுவது. தாழ்ந்த கூரைக்கு அது பொருந்தாது.

தண்டை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். வெட்டிய தண்டு திரும்ப வளராது. விளக்கின் விகிதமும் அதோடு போய்விடும். அசல் தண்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே விட்டமும் அதே மரையும் உள்ள குட்டைத் தண்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்வதே முறை. ஐரோப்பிய விளக்குகளில் பரவலாகப் பயன்படும் மரை 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது என்பதால் இது பெரிய வேலை அன்று. அப்படிச் செய்ய முடியாத அமைப்பாக இருந்தால் வேறு விளக்கைத் தேடுவதுதான் நல்லது.

இரண்டாம் படி: பெயர்களை அறிந்துகொள்ளுதல்

இத்தாலிய மொழியில் கூரைவிளக்கைக் குறிக்க மூன்று சொற்கள் வழங்குகின்றன. பல கைகள் கொண்ட சரவிளக்கு லம்பதாரியோ. தண்டிலோ வயரிலோ தொங்குவது சொஸ்பென்சியோனே. கூரையோடு ஒட்டி நிற்பது பிளஃபொனியேரா. ஏலப் பட்டியல்களிலும் விற்பனைத் தளங்களிலும் இந்தச் சொற்களைக் கொண்டு தேடினால், ஆங்கிலத்தில் தேடும்போது கண்ணில் படாத விளக்குகள் பல வெளிவரும். இத்தாலியின் சிறு ஏலக்கூடங்கள் தங்கள் பட்டியலை முதலில் இத்தாலியத்தில்தான் எழுதுகின்றன.

பட்டறைகளில் முதலில் அறிய வேண்டியது அர்தெலூச்சே. வெனிஸில் பிறந்து, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்ட ஜீனோ சர்ஃபாத்தி 1939-இல் மிலானில் தொடங்கியது அது. அவர் வடிவமைத்த விளக்குகள் 600-க்கும் மேல் என்பார்கள். அவற்றுக்கு அவர் பெயர் வைக்கவில்லை, எண் மட்டுமே தந்தார். அந்த எண்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 500, 600 என்ற வரிசையில் வருபவை மேசைவிளக்குகள், 1000-இல் தொடங்குபவை தரைவிளக்குகள், 2000-இல் தொடங்குபவை தொங்குவிளக்குகள், 3000-இல் தொடங்குபவை கூரையோடு ஒட்டியவை. தொங்குவிளக்கு ஒன்றை 1000 வரிசை எண்ணோடு ஒருவர் விற்றால், அவர் தன் விளக்கைச் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்று கொள்ளலாம்.

சர்ஃபாத்தியின் விளக்குகளில் 1958-ஆம் ஆண்டின் 2097 பழகிப் பார்க்கத் தக்கது. நடுவில் ஓர் எஃகுத் தண்டு. அதிலிருந்து அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் நீளும் மெல்லிய கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் மறைப்பில்லாத ஒரு பல்பு. வயர்கள் கைகளுக்குள் ஒளிந்திருக்கவில்லை. தண்டிலிருந்து வெளியே வந்து, ஊஞ்சல் கயிறு போல் தொய்ந்து, ஒவ்வொரு பல்பையும் சென்றடைகின்றன. பழைய சரவிளக்கில் கண்ணாடி மணிகள் தந்த வளைவை இங்கே வயரே தருகிறது. யாரோ ஒருவர் பின்னாளில் தடித்த வயரை மாட்டியிருந்தால் அந்த வளைவு விறைத்துப் போயிருக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்திலேயே அது தெரியும். அர்தெலூச்சே 1970-களின் முற்பாதியில் ஃப்ளோஸ் என்ற இத்தாலிய விளக்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2097 இன்றும் ஃப்ளோஸால் தயாரிக்கப்படுவதால், பழையதா புதியதா என்ற கேள்வி இந்த விளக்கில் எப்போதும் எழும்.

ப்ரூனோ கத்தா 1946-இல் மிலானில் தொடங்கிய ஸ்டில்னோவோ, வண்ண அலுமினியத்தையும் பால்கண்ணாடியையும் பித்தளையோடு சேர்த்த விதத்துக்குப் பெயர் பெற்றது. மோன்சா நகரில் அஞ்செலோ லெல்லி நடத்திய அர்ரெதோலூச்சே, ஜுசெப்பே ஒஸ்தூனி 1945-இல் தொடங்கிய ஓ-லூச்சே, ஜியோ பொந்தியும் லூயிஜி ஃபொன்தானாவும் 1932-இல் நிறுவி, 1954 முதல் மாக்ஸ் ஆங்க்ரான் கலை இயக்குநராக இருந்து நடத்திய ஃபொன்தானா அர்தே ஆகியவற்றையும் அறிந்திருக்க வேண்டும். தடித்த வளைவுக் கண்ணாடியில் செய்த கூரைவிளக்குகள் ஃபொன்தானா அர்தேயின் தனி அடையாளம். இவற்றுக்கு இணையாக வெனிஸை அடுத்த முரானோ தீவின் கண்ணாடிப் பட்டறைகள் இருக்கின்றன. வெனினி பட்டறைக்காகக் கார்லோ ஸ்கார்பா 1950-களின் இறுதியில் வடிவமைத்த பன்முகக் கண்ணாடிச் சரவிளக்கும், விஸ்டோசி பட்டறைக்காக ஆஞ்செலோ மஞ்சரொத்தி 1967-இல் வடிவமைத்த ஜியோகாலியும் அங்கே பிறந்தவை. ஜியோகாலியில் ஒரு கண்ணாடிக் கொக்கி இன்னொன்றைப் பற்றித் தொங்குகிறது, கம்பியால் கோத்திருக்கவில்லை. எனவே ஒரு கொக்கி உடைந்தாலும் அதற்குக் கீழே உள்ள வரிசை அப்படியே விழும்.

மிலான் வடிவமைப்பாளர்களான கஸ்திலியோனி சகோதரர்களின் விளக்குகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டின் தரக்ஸாக்கும், விஸ்கொந்தேயா ஆகிய தொங்குவிளக்குகளில் எஃகுக் கம்பிச் சட்டத்தின் மேல் பிசின் தெளிக்கப்பட்டுப் பட்டுப்பூச்சிக் கூடு போன்ற தோல் உருவாக்கப்பட்டிருக்கிறது. பார்க்க மனத்தை அள்ளும். ஆனால், முதன்முறை வாங்குபவருக்கு இவற்றின் பழைய பிரதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தோல் காலப்போக்கில் மஞ்சளித்து, விறைத்து, கிழிகிறது, தூசியை உள்ளிழுத்துக்கொள்கிறது, கழுவித் துடைத்துப் பழைய வெண்மைக்குக் கொண்டுவர முடியாது. இந்த வடிவங்கள் மேல் ஆசை இருந்தால் புதிதாகத் தயாரிக்கப்படுவதை வாங்குங்கள். அதில் குறையொன்றும் இல்லை.

மூன்றாம் படி: விற்பனைக் குறிப்பை வரிவரியாகப் படித்தல்

ஏலக்கூடங்களின் சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. பட்டறையின் பெயர் வேறு அடைமொழியின்றி நின்றால், அதை அந்தக் கூடம் பொறுப்பேற்றுச் சொல்கிறது. "இன்னாருடையதாகக் கருதப்படுவது" என்றால், ஆதாரம் இல்லை, வடிவத்தைக் கொண்டு ஊகிக்கிறார்கள். "இன்னார் பாணியில்" என்றால் அவருக்கும் அந்த விளக்குக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் பொருள். நேற்றுச் செய்த விளக்குக்கும் அச்சொல் பொருந்தும். தனி விற்பனையாளர்கள் இந்த மூன்றையும் கலந்து எழுதுகிறார்கள். தலைப்பில் பெரிய பட்டறையின் பெயரும், கீழே சிறிய எழுத்தில் "பாணி" என்ற சொல்லும் இருக்கும்.

நடுவிலிருந்து நாலாபுறமும் பித்தளைக் கைகள் சிதறி நிற்கும் விளக்குகளில் இந்தக் கலப்பு மிக அதிகம். 1957-இல் விண்ணில் ஏறிய ஸ்புட்னிக்கின் பெயரால் அறியப்படும் இவ்வடிவத்தைப் பல நாட்டுப் பட்டறைகள் இன்றும் செய்து, செயற்கையாகக் களிம்பேற்றி விற்கின்றன. அவற்றுள் நேர்த்தியானவையும் உண்டு. புதிய விளக்கைப் புதிய விளக்கின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை. பழையதன் விலைக்கு வாங்கிவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுபோலவே, பட்டறை தெரியாத நல்ல விளக்குகள் ஏராளமாக இருக்கின்றன. அக்கால மிலானிலும் அதைச் சுற்றியும் பெயர் பொறிக்காத சிறு பட்டறைகள் பல இயங்கின. அவை செய்த விளக்குகள் பொருளிலும் வேலைப்பாட்டிலும் பெரிய பெயர்களுக்கு அருகில் நிற்கும். விலையோ வெகுவாகக் குறைவு. புதியவர் ஒருவர் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டறையின் பெயர் அச்சிட்ட அடையாளச் சீட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், சீட்டில்லாத பழைய விளக்கு ஒன்றோடு சில காலம் வாழ்ந்து, அதைக் கழற்றி மாட்டிப் பழகியவருக்குப் பின்னாளில் எந்தப் போலியும் எளிதில் ஒளிந்துகொள்ளாது.

நான்காம் படி: படங்களைக் கேட்டுப் பெறுதல்

விளக்கு எரியும் நிலையில் எடுத்த படத்தால் பயன் குறைவு. வெளிச்சம் எல்லாக் குறைகளையும் விழுங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், விளக்கு அணைந்திருக்கும்போது, மேசைமேல் கிடத்தி எடுத்த படங்களைக் கேளுங்கள். கூரைக் கிண்ணத்தின் உட்புறம், ஒரு கண்ணாடியைக் கழற்றிய பின் தெரியும் கழுத்து, கண்ணாடியின் வாய்விளிம்பு, ஹோல்டரின் உட்புறம், கைகள் நடுத்தண்டில் சேரும் இடம், அடையாளச் சீட்டு இருந்தால் அதன் அண்மைப் படம் ஆகிய ஆறும் இருந்தால் போதும். மொத்த உயரம், விட்டம், எடை, ஒவ்வொரு கண்ணாடியின் வாய் விட்டம் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். விளக்கைக் கையில் வைத்திருக்கும் நேர்மையான விற்பனையாளருக்கு இது அரைமணி நேர வேலை. மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: விளக்கின் உள்ளிருந்து சான்று தேடுதல்

போலி செய்பவர் கண்ணுக்குத் தெரியும் பகுதியில்தான் உழைப்பைச் செலவிடுவார். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பகுதிகளிலிருந்து தொடங்குங்கள்.

கூரைக் கிண்ணத்தைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். பழைய கிண்ணத்தின் உட்புறம் மெருகிடப்படாமல், மங்கிய தவிட்டு நிறத்தில், கடைசல் எந்திரத்தின் வட்டக் கோடுகளோடு இருக்கும். விளிம்பை ஒட்டி, கூரைச் சுண்ணாம்போ வண்ணமோ படிந்த வெண்ணிறத் தடம் பெரும்பாலும் காணப்படும். கண்ணாடியைத் தாங்கும் வளையத்தைக் கழற்றினால், அது மூடியிருந்த இடத்தில் பித்தளை சற்று வெளிறியும் வெளியே இருந்த இடத்தில் கருத்தும், நடுவே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை தெரியும். அந்த இரண்டு உறுப்புகளும் பல ஆண்டுகள் ஒன்றாக இருந்திருக்கின்றன என்பதற்கு அந்தக் கோடு சாட்சி. அமிலம் தடவிக் களிம்பேற்றிய புதிய பித்தளையில் நிறம் எல்லா இடத்திலும், மரைக்குள்ளும் கூட, ஒரே சீராகப் பரவியிருக்கும்.

திருகாணிகளின் தலையில் நேர்க்கோட்டுப் பள்ளம் இருந்தால் அது அக்காலத்துக்குப் பொருந்துகிறது. நட்சத்திரத் தலை ஒன்றிரண்டு இருந்தால் பிற்காலப் பழுதுபார்ப்பு என்று கொள்ளலாம். எல்லாமே அப்படி இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். பயன்படாத துளைகள் தென்பட்டால் அவை எதற்காக என்று யோசியுங்கள். வேறொரு விளக்கின் தண்டில் இந்த விளக்கின் கைகளைப் பொருத்திய ஒட்டுவேலை அத்துளைகளால்தான் அடிக்கடி வெளிப்படுகிறது.

குறியீடுகள் காலத்தைக் காட்டும். இத்தாலியின் தரச்சான்று அமைப்பான ஐ.எம்.க்யூ. 1951-இல் நிறுவப்பட்டது, அதன் முத்திரை ஹோல்டரில் இருந்தால் அந்த ஹோல்டர் அதற்குப் பிந்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சி.இ. குறி விளக்குகளில் 1990-களில்தான் வரத் தொடங்கியது. மின்பொருளைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்லும் குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் 2005 முதல் அச்சிடப்படுகிறது. 1950-களின் விளக்கு என்று சொல்லப்படுவதன் ஹோல்டரில் சி.இ. குறி இருந்தால் ஹோல்டர் மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் மட்டும் விளக்கைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அக்குறி கிண்ணத்தின் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தாலோ, அடையாளச் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தாலோ, அது பிற்காலத் தயாரிப்பு என்பது உறுதி.

அடையாளச் சீட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். சீட்டு ஒரு காகிதம். அச்சடிக்கவும் முடியும், உடைந்த விளக்கிலிருந்து உரித்து ஒட்டவும் முடியும். பழைய சீட்டு சூட்டில் பழுத்து, ஓரம் சுருண்டு, கீழே உள்ள உலோகத்தோடு ஒன்றிப் போயிருக்கும். களிம்பேறிய பரப்பின் மேல் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும் சீட்டு பின்னால் ஒட்டியது. மாறாக, சீட்டு உதிர்ந்துபோன இடத்தில் வட்டமாகவோ நீள்சதுரமாகவோ ஒரு வெளிறிய நிழல் எஞ்சியிருந்தால், சீட்டைவிட அந்த நிழலை நான் அதிகம் நம்புவேன்.

கண்ணாடிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உலோகத்தைச் செய்துகொள்ளலாம், வயரை மாற்றலாம்; உடைந்த கண்ணாடிக்கு இணை கிடைப்பது அரிது. இக்காலத்து நல்ல பால்கண்ணாடி பெரும்பாலும் ஒரே அடுக்கால் ஆனதன்று. ஊதுகுழலில் வெள்ளைக் கண்ணாடியையும் நிறமற்ற கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி ஊதியிருப்பார்கள். வாய்விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வெள்ளைக் கோடும் தெளிந்த கோடும் அடுத்தடுத்து ஓடுவது தெரியும். வெளிப்புறத்தை அமிலத்தால் மங்கலாக்கியிருந்தால் தடவும்போது முட்டையோடு போன்ற மென்மை விரலுக்குத் தெரியும். உட்புறம் வெள்ளை வண்ணம் தெளித்த மலிவுக் கண்ணாடியில் இந்த அடுக்குகள் இரா. விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வண்ணம் உரிந்து வரும்.

பிறகு ஒவ்வொரு கண்ணாடியையும் விரலால் மெல்லச் சுண்டுங்கள். முழுக் கண்ணாடி கணீரென்று ஒலித்து ஓசை நீளும். மயிரிழை விரிசல் உள்ளது மொத்தென்று அடங்கும். கழுத்துக்குள் மறையும் பகுதியில் சிறு சில்லு பெயர்ந்திருப்பது பொறுத்துக்கொள்ளத் தக்கது, ஏனெனில் பல ஆண்டுகள் திருகாணி அழுத்திய இடம் அது. அச்சில்லிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் பொறுக்காதீர்கள். அது சூட்டில் நீளும். கையால் ஊதியவை என்பதால் ஒரே விளக்கின் கண்ணாடிகளுக்கிடையே சிறு வேறுபாடு இயல்பு. ஒன்று மட்டும் நிறத்திலும் தடிப்பிலும் எடையிலும் தனித்து நின்றால் அது மாற்றுக் கண்ணாடி. விலையில் அதைக் கழித்துக் கேட்கலாம்.

அக்ரிலிக் விளக்கென்றால் பல்புக்கு அருகில் உள்ள பகுதியைப் பாருங்கள். சூட்டால் மஞ்சளிப்பும் வலைபோன்ற நுண்விரிசல்களும் அங்கேதான் முதலில் வரும், இரண்டுக்கும் மருந்தில்லை. வண்ணம் பூசிய அலுமினியத்தில், மரைகளுக்குள்ளும் துளைகளின் உட்சுவரிலும் புது வண்ணம் வழிந்திருந்தால் மறுபூச்சு நடந்திருக்கிறது. கீறலோடு கூடிய அசல் வண்ணமே மதிப்பு மிக்கது.

ஆறாம் படி: விலையைக் கூட்டிப் பார்த்தல்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை அன்று. அதன்மேல் வாங்குபவர் கட்டணமாகக் கால்பங்கோ அதற்குச் சற்று மேலோ சேரும்; 2,000 யூரோவுக்கு முடிந்த விளக்கு 2,500 அல்லது 2,600 யூரோவாகும். அதோடு வரி, பெட்டியடைப்பு, போக்குவரத்து, காப்பீடு, சுங்கம், வயர் மாற்றும் கூலி ஆகியவையும் உண்டு. இவற்றை முன்கூட்டியே கூட்டி, மேல்வரம்பு ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு ஏலத்தில் அமருங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்டவையே உலகச் சுங்க வகைப்பாட்டில் தொல்பொருளாகக் கொள்ளப்படுவதால், 1950-களின் விளக்குக்கு அந்தச் சலுகை கிடைக்காது. சாதாரண மின்விளக்குக்குரிய தீர்வையே பொருந்தும் என்று கணக்கிடுங்கள்.

இத்தாலியிலிருந்து நேரடியாக வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அந்நாட்டின் பண்பாட்டு உடைமைச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தத்தின்படி, வடிவமைத்தவர் காலமாகி, செய்து 70 ஆண்டுக்கு மேலான பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஆவண நடைமுறை உண்டு. மதிப்பு 13,500 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் விற்பவரோ அனுப்புபவரோ ஏற்றுமதி அலுவலகத்தில் உறுதிமொழி அளித்தால் போதும். அதற்கு மேலென்றால் அனுமதி பெற வேண்டும். 1950-களின் முற்பாதி விளக்குகள் இப்போது இந்த 70 ஆண்டு வரம்புக்குள் வந்துவிட்டன. இதை யார் செய்வது, செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பத்திரமாக வரவழைத்தல்

கண்ணாடிகளை விளக்கில் மாட்டியபடியே அனுப்ப ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கைக்கும் அதன் கண்ணாடிக்கும் ஒரே எண்ணிட்ட சீட்டைக் கட்டி, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாடியும் தனித்தனியாகச் சுற்றப்பட்டு, தனிப் பெட்டியில் வைக்கப்பட்டு, அந்தப் பெட்டிகள் இன்னொரு பெரிய பெட்டிக்குள் நான்கு விரற்கடை இடைவெளியோடு அடுக்கப்பட வேண்டும். உலோகம் வேறு பெட்டியில் வர வேண்டும். காப்பீட்டு ஆவணத்தில் கண்ணாடி உடைவுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல சாதாரண அஞ்சல் காப்பீடுகளில் அது இருக்கும். பெட்டி வந்ததும், பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து காணொளியாக எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: மின்பகுதியைச் சரிசெய்தல்

"வேலை செய்கிறது" என்று விற்பவர் சொன்னாலும் பழைய வயரோடு விளக்கை மாட்டக் கூடாது. அக்காலத்து ரப்பர் உறை காய்ந்து, வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். துணி சுற்றிய வயரில் அந்த உதிர்வு வெளியே தெரியாது. உலோகக் குழாய்க்குள் உறை உதிர்ந்த வயர் ஒன்று குழாயைத் தொட்டால் விளக்கு முழுவதிலும் மின்சாரம் பாயும். எனவே வயர் முழுவதையும் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள். விளக்கின் எல்லா உலோக உறுப்புகளும் எர்த் வயரோடு இணைக்கப்பட வேண்டும். இவ்விளக்குகளில் பல எர்த் இணைப்பே இல்லாமல் பிறந்தவை என்பதை மின்பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். குழாயின் முனைகளில் கூர்விளிம்பு இருந்தால் சிறு ரப்பர் வளையம் போட்ட பிறகே வயரை உள்ளே விட வேண்டும். புதிய வயர் பழையதன் தடிப்பிலும் நிறத்திலும் இருக்கட்டும். வயர் வெளியே தெரியும் விளக்குகளில் இது அலங்காரமல்ல, வடிவத்தின் பகுதி.

ஹோல்டர்கள் பெரும்பாலும் இ27 அல்லது இ14 அளவில், அதாவது 27 அல்லது 14 மி.மீ. விட்டமுள்ள திருகு பல்புக்கு ஏற்றவையாக, இருக்கும். விரிசலில்லாத பீங்கான் ஹோல்டரைத் தக்கவைக்கலாம். வெடித்த பேக்கலைட் (பழைய கடினப் பிளாஸ்டிக்) ஹோல்டரை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் நாட்டு மின்னழுத்தம் 120 வோல்ட் என்றால் அங்குள்ள விதிக்கேற்ற ஹோல்டரையும் வயரையும் கேட்டுப் போடுங்கள்.

பல்புக்கு எல்.ஈ.டி. நல்ல தேர்வு, அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முப்பது பல்பு கொண்ட ஒரு விளக்கில் 25 வாட் இழைபல்புகள் போட்டால் 750 வாட் சூடு கூரைக்குக் கீழே தேங்கும்; 2 வாட் எல்.ஈ.டி. போட்டால் மொத்தமே 60 வாட். கண்ணாடியும் அக்ரிலிக்கும் வண்ணமும் அந்த வேறுபாட்டால் நீண்ட நாள் வாழும். இளமஞ்சள் ஒளி தரும் 2,700 கெல்வின் நிறமும், நிறங்களை உள்ளபடி காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேலும் உள்ள பல்புகளைத் தேர்ந்தெடுங்கள். பல்பு வெளியே தெரியும் விளக்குகளில் அதன் வடிவமும் அளவும் அசலை ஒத்திருக்க வேண்டும். உருண்டைப் பல்புக்காக வரைந்த விளக்கில் சுடர்வடிவப் பல்பைப் போட்டால் முகமே மாறிவிடும்.

ஒன்பதாம் படி: தொங்கவிடுதல்

பொய்க்கூரைப் பலகையில் எந்த விளக்கையும் மாட்டக் கூடாது. அதற்கு மேலே உள்ள காங்கிரீட்டிலோ உத்திரத்திலோ கொக்கி பதிய வேண்டும். விளக்கின் எடையைப் போல் நான்கு மடங்கு சுமையைக் கொக்கி தாங்குகிறதா என்று மணல்மூட்டை கட்டி ஓரிரவு சோதித்துப் பாருங்கள். முதலில் உலோகச் சட்டத்தை மாட்டி, பல்புகளைப் போட்டு எரியவிட்டு, எல்லாம் சரியென்று உறுதியான பிறகு, கீழிருந்து மேலாக அன்றி மேலிருந்து கீழாகக் கண்ணாடிகளைப் பொருத்துங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் திருகாணியை விரலால் முடிந்தவரை மட்டும் திருகினால் போதும்.

பித்தளையை மெருகுப் பசையால் பளபளக்கத் தேய்க்க வேண்டாம். மெல்லிய அசல் அரக்குப் பூச்சு ஒருமுறை போய்விட்டால் பிறகு ஒவ்வொரு ஆண்டும் தேய்க்க நேரிடும், விளிம்புகளும் மழுங்கும். ஈரம் பிழிந்த மென்துணியும் உலர்துணியும் தாராளமாகப் போதும்.

மாற்றிய பழைய வயர், ஹோல்டர், திருகாணி எதையும் எறிந்துவிடாதீர்கள். எந்தப் பகுதி எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பையும், வாங்கிய ரசீதையும், கிண்ணத்துக்குள் எடுத்த படத்தையும் அவற்றோடு ஒரு பையில் போட்டு, விளக்கு வந்த பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். என்றாவது ஒருநாள் அந்த விளக்கை இன்னொருவர் வாங்க வரும்போது, நீங்கள் விற்பவரிடம் கேட்ட அதே ஆறு படங்களை அவர் உங்களிடம் கேட்பார்.